பரணில் கிடைத்த வின்செஸ்டரும் ஒரு கோடி ரூபாயும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் பழைய வீடு வாங்கிய ஒரு தமிழ்க் குடும்பத்துக்குப் பரணில் வேட்டைத் துப்பாக்கி கிடைத்த செய்தியை உங்கள் ஞாயிறு இணைப்பில் படித்தேன். 130 வருஷப் பழசு, வின்செஸ்டர் கம்பெனித் தயாரிப்பு, இன்றைய மதிப்பு ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாது என்று எழுதியிருந்தீர்கள். துப்பாக்கியின் படத்தையும் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். அதற்கு நன்றி. செய்தியில் சொன்னதை அந்தப் படமே மறுத்துவிடுகிறது.

படத்தில் குழலின் மேல் ‘மாடல் 94’ என்று பொறித்திருப்பது தெளிவாகத் தெரிகிறது. உங்கள் நிருபர் அதை 1894ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. 94 என்பது மாடலின் பெயர். ஜான் மோசஸ் பிரவுனிங் வடிவமைத்து, 1894 ஆகஸ்ட் 21 அன்று காப்புரிமை பெற்ற ரைபிள் அது. முதல் கால் நூற்றாண்டுக்கு ‘மாடல் 1894’ என்று நான்கு இலக்கத்தையும் முழுதாகப் பொறித்துக்கொண்டிருந்தார்கள். ‘94’ என்று சுருக்கியது அதற்குப் பிறகுதான். ஆக, பழமைக்குச் சான்று என்று நீங்கள் காட்டிய எழுத்தே அது அவ்வளவு பழசில்லை என்று சொல்கிறது. இன்னும் இரண்டு அடையாளங்களும் படத்தில் இருக்கின்றன. குழல் முனையில் உள்ள குறிமுள்ளுக்கு மேலே சின்னத் தகரக் கூடு ஒன்று இருக்கிறது பாருங்கள், அது 1930களில்தான் வந்தது. இடது பக்கம் குதிரைச் சேணத்தில் மாட்டும் வளையம் இல்லை. பழைய கார்பைன்களில், அதாவது குட்டைக் குழல் ரைபிள்களில், அது இருக்கும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் ‘இவன் யார் இதைச் சொல்ல’ என்று தோன்றும். கோயம்புத்தூர் பீளமேட்டில் டூல்ரூமில், அதாவது இயந்திரக் கருவிகள் கடையும் பட்டறையில், தொழில் கற்றவன். பென்சில்வேனியாவுக்கு வந்து ஒரு மெஷின் ஷாப்பிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். கூட வேலை பார்த்தவர்கள் அத்தனை பேரும் மான் வேட்டைக்காரர்கள். நவம்பர் கடைசியில் தேங்க்ஸ்கிவிங் முடிந்த திங்கட்கிழமை எங்கள் ஷாப்பில் பாதி மெஷின் ஓடாது, பள்ளிக்கூடங்களுக்கே லீவு விடுவார்கள். 2019இல் மான் சீசனின் தொடக்கத்தை அந்தச் சனிக்கிழமைக்கு மாற்றினார்கள், பெரியவர்களுக்கு இன்னும் அந்தக் கோபம் தீரவில்லை. பெரிய விலங்குகளைச் சுட அரைத் தானியங்கித் துப்பாக்கிகூடக் கூடாது என்பது இந்த மாநிலத்தில் வெகுநாளைய விதி. அதனால் லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்து ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் லீவர் ஆக்‌ஷன் ரைபிள் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கும். ஓய்வுக்குப் பிறகு பக்கத்து ஊர்த் துப்பாக்கிக் கடையில் வாரக் கடைசியில் உட்காருகிறேன். இறந்தவர்களின் வீட்டிலிருந்து வரும் பழைய ரைபிள்களைப் பார்த்து விலை சொல்வதுதான் அங்கே என் வேலை. துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. விலையைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் எண்ணிக்கை. வின்செஸ்டர் 94ஐக் கனெக்டிகட் மாநிலத்து நியூ ஹேவன் ஆலையில் 2006 வரை செய்தார்கள். மொத்தம் 70 லட்சத்துக்கு மேல். வேட்டை ரைபிள் வரலாற்றில் இத்தனை செய்யப்பட்டவை வெகு குறைவு. 10 லட்சமாவது ரைபிளை 1927இல் ஜனாதிபதி கூலிட்ஜுக்குக் கொடுத்தார்கள், 15 லட்சமாவதை 1948இல் ட்ரூமனுக்கு, 20 லட்சமாவதை 1953இல் ஐசனோவருக்கு. ஜனாதிபதிக் கதையை ஏன் சொல்கிறேன் என்றால், வரிசை எண்ணைப் பார்த்ததும் மனக்கணக்காக வயது சொல்ல இந்த மூன்று படிக்கட்டும் போதும். 17 லட்சத்துச் சொச்சம் என்றால் 1950ஐ ஒட்டியது. 27 லட்சத்துக்குக் கீழே இருந்தால் 1964க்கு முந்தையது.

அந்த 1964 இந்தத் தொழிலில் ஒரு கிமு–கிபி. கடைக்குள் நுழைகிறவர் வாயைத் திறந்ததும் கேட்பது ‘ப்ரீ சிக்ஸ்டி ஃபோரா?’ என்பதுதான். டூல்ரூம்காரனாக எனக்கு இதில் ஒரு சொந்த வருத்தம் உண்டு. அதற்கு முன்பு 94இன் உள்பாகங்களை இரும்பில் கடைந்து எடுத்தார்கள். ஒவ்வொன்றுக்கும் மில்லிங் மெஷினில் எத்தனையோ செட்டிங், கூலி ஏறிக்கொண்டே போனது. கணக்குப் பார்த்தவர்கள் 1964இல் எல்லாவற்றையும் மாற்றினார்கள். தோட்டாவைக் குழலுக்குத் தூக்கிக் கொடுக்கும் பாகம் தகடு அடித்த பாகமாயிற்று. கெட்டிப் பின்கள் போய்ச் சுருட்டின தகட்டுப் பின்கள் வந்தன. இந்தப் பாகங்களெல்லாம் உள்ளே உட்காரும் இரும்புப் பெட்டிக்கு ரிசீவர் என்று பெயர், அதற்குப் போட்ட இரும்பின் கலவையும் மாறியது. இரும்பைக் கருநீலமாக்கும் ப்ளூயிங் உப்புக்குளியல் புது ரிசீவரில் சாதாரணமாகப் பிடிக்காது, அதற்கென்று தனி முலாம் கொடுத்துத்தான் கறுப்பாக்கினார்கள். அது நாளடைவில் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். மறுபடி ப்ளூயிங் போடக் கொடுத்தால் பட்டறைக்காரர் கையை விரிப்பார். சுடுவதில் இரண்டும் ஒன்றுதான், மானுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் லீவரை இயக்கிப் பார்க்கிறவன் கைக்குத் தெரியும். பழையதில் ஒரு சத்தம் வரும், கெட்டியான சத்தம். புதியதில் தகரம் கலந்திருக்கும். (பின்னாளில் சிலவற்றைச் சரிசெய்தார்கள். போன பேர் திரும்பவில்லை.)

ஆனாலும் 1964க்கு முந்தையது என்பதால் மட்டும் விலை ஏறிவிடாது. அப்படி 25 லட்சத்துக்கு மேல் செய்தார்களே! அத்தனை லட்சத்தில் எதை எவ்வளவுக்கு வாங்குவது என்பதுதான் விஷயம். அதற்கு வயதோ பேரோ உதவாது. தொழிற்சாலையை விட்டு வந்த பிறகு யாருமே கைவைக்காமல் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இதைச் சதவீதமாகச் சொல்வார்கள். முதலில் போட்ட ப்ளூயிங் 90 சதம் இருக்கிறது, 60 சதம் இருக்கிறது என்று. 60 சதத்துக்கும் 95 சதத்துக்கும் நடுவில் விலை இரண்டு மடங்கு, மூன்று மடங்கு கூடப் போகும். அந்த 60 சதத்தைப் பளபளவென்று ஆக்கிக் கொண்டுவந்தாலோ பாதியாக இறங்கும். நம்மூர் ஆட்களுக்கு இதுதான் புரிவதில்லை. பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்கி வைத்தால் அழகு, மதிப்பு. இங்கே துலக்கினால் போச்சு.

நான் பார்க்கும் முறையைச் சொல்கிறேன். குழலைப் பார்ப்பதற்கு முன்பே திருகுகளைப் பார்த்துவிடுவேன். வின்செஸ்டர் திருகுகளின் காடி மெலிதாக இருக்கும். கடையில் கிடைக்கும் சாதாரணத் திருப்புளி அதற்குள் சரியாக உட்காராது, வழுக்கிக் காடியைச் சிதைத்துவிடும். அப்படிச் சிதைந்த காடி ஒன்று கண்ணில் பட்டால், யாரோ இதைக் கழற்றியிருக்கிறார்கள் என்று தெரியும். எதற்குக் கழற்றினார்கள் என்று தேட ஆரம்பிப்பேன். அடுத்து ரிசீவரின் பக்கங்கள். அந்தச் சமதளத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், எதிரே இருக்கும் ஜன்னல் சட்டம் நேர்கோடாகத் தெரிய வேண்டும். அலை அலையாகத் தெரிந்தால் பஃபிங் சக்கரத்தில் பிடித்திருக்கிறார்கள். திருகு இறங்கும் துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கிறதா, சின்னக் கிண்ணம் மாதிரிக் குழிந்திருக்கிறதா? குழிந்திருந்தால் அதுவும் அந்தச் சக்கரத்தின் வேலைதான்.

பிறகு குழலின் மேல் உள்ள எழுத்து. உருளை அச்சால் அழுத்திப் பொறிக்கும்போது எழுத்தின் கரையில் இரும்பு இம்மியளவு மேலே பிதுங்கும். நகத்தை வைத்து இழுத்தால் உரசுவது தெரியும். பாலிஷ் போட்டிருந்தால் நகம் வழுக்கிக்கொண்டு போய்விடும், எழுத்தும் ஆழம் குறைந்து மங்கியிருக்கும். மரத்துக்கும் இதே சோதனைதான். தொழிற்சாலையில் வால்நட் கட்டையை இரும்பை விடத் துளி உயரமாக விட்டுத்தான் பொருத்துவார்கள். இரும்பிலிருந்து மரத்துக்கு விரலை ஓட்டினால் ஒரு மேடு தட்ட வேண்டும். பள்ளம் தட்டினால் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வார்னிஷ் அடித்திருக்கிறார். அவர் நல்லெண்ணத்தில்தான் செய்திருப்பார், பாவம். விற்கும்போது அந்த நல்லெண்ணத்துக்கு 300 டாலர் போகும்.

குழலையும் ரிசீவரையும் ஒரு ஜோடியா என்று பார்க்க, வின்செஸ்டர் 1905 முதல் போட்டுவந்த முத்திரை உதவும். முட்டை வடிவ வட்டத்துக்குள் ‘டபிள்யூ’வும் ‘பி’யும் பின்னியிருக்கும். குழலில் ஒன்று, ரிசீவரில் ஒன்று. குழலில் ‘பி’ மட்டும் இருந்தால் அது தபாலில் தருவித்து மாற்றிய உதிரிக் குழல்.

துளைகளைக் கட்டாயம் எண்ண வேண்டும். 94இல் வெடித்த தோட்டாக்கூடு தலைக்கு மேலே எகிறி வெளியே போகும். அதனால் மற்ற ரைபிள்போல் தொலைநோக்கியை நடு உச்சியில் பொருத்த முடியாது. 1982இல்தான் கூட்டைச் சாய்வாக வெளியே தள்ளும்படி மாற்றினார்கள். அதுவரை கண் மங்கிய வேட்டைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பக்கவாட்டில் ட்ரில் போட்டு, மரை வெட்டித் தொலைநோக்கிக்குத் தாங்கி மாட்டினார்கள். எங்கள் கடையில் வேடிக்கையாகச் சொல்வோம், துளைக்கு நூறு டாலர் கழிவு என்று. நடைமுறையில் அதற்கு மேலும் போகும். துளையை அடைத்து மறைத்திருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் வாங்குகிறவன் ‘வேறு என்னத்தை மறைத்திருக்கிறான்’ என்று தேட ஆரம்பிப்பான். தோளில் பதியும் அடிக்கட்டையில் ரப்பர் மெத்தை ஒட்டுவதற்காகக் கட்டையை வெட்டியிருந்தாலும் அதே கதி. வெட்டினதை ஒட்ட முடியாது.

குழலின் உட்புறத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். பழைய தோட்டாக்களின் அடியில் இருந்த வெடிமருந்து, சுட்டபிறகு குழலில் ஒரு உப்பை விட்டுச் செல்லும். உப்பு ஈரத்தை இழுக்கும், அன்று ராத்திரியே துடைக்கவில்லையென்றால் குழி விழும். அரிக்காத மருந்து 1920களின் பிற்பகுதியில்தான் பரவலாக வர ஆரம்பித்தது. அதற்கு முந்தைய ரைபிளில் குழல் கண்ணாடியாக இருந்தால், அந்த வீட்டில் ஒழுங்கான மனுஷன் ஒருவர் இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

போன சீசனுக்குக் கொஞ்சம் முன்பு வந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். எண்பதைத் தாண்டிய ஒரு அம்மா, இறந்த கணவருடைய ரைபிளைப் பழைய ஃபிளானல் போர்வையில் சுற்றிக் கொண்டுவந்தார். அவருடைய அண்ணன் மகன் 200 டாலர் தருவதாகச் சொன்னானாம். பிரித்துப் பார்த்தேன். 94 கார்பைன், 30-30 தோட்டா, 20 அங்குலக் குழல், வரிசை எண் 17 லட்சத்தில். பக்கங்களில் ப்ளூயிங் நன்றாக இருந்தது. ரிசீவரின் அடியில் மட்டும் ஒரு கை அகலத்துக்கு நிறம் போய், வெள்ளியும் பழுப்புமாக மின்னியது. இந்த ரைபிளைக் கையில் தொங்கவிட்டுக் காட்டில் நடந்தால் எடை சரியாக அந்த இடத்தில்தான் நிற்கும், எல்லாரும் அங்கேதான் பிடிப்பார்கள். ஐம்பது அறுபது குளிர்காலம் ஒரே மனிதரின் உள்ளங்கை தேய்த்த தேய்மானம் அது. சேகரிப்பாளர்கள் இதை நேர்மையான தேய்மானம் என்று சொல்லி ஏற்றுக்கொள்வார்கள். திருகு ஒன்றுகூட அசையவில்லை, ஒரு துளை கிடையாது, அடிக்கட்டையில் இருந்த இரும்புப் பட்டை அசல்.

“இதைத் தேய்த்துச் சுத்தம் பண்ணிக்கொண்டு வரலாமா என்று யோசித்தேன், முழங்கை வலியில் விட்டுவிட்டேன்” என்றார் அந்த அம்மா. அந்த முழங்கை வலிக்குக் குறைந்தது 400 டாலர் மதிப்பு என்று சொன்னேன், சிரித்துவிட்டார். கடை முதலாளி இரண்டு விலையையும் மறைக்காமல் சொன்னார்: அலமாரியில் வைத்தால் 950 போகும், கடை இன்றைக்கே ரொக்கமாக எடுத்துக்கொண்டால் 650. அந்த அம்மா கமிஷனுக்கு வைத்துவிட்டுப் போனார். சீசன் தொடங்குமுன்பே விற்றது.

இதுதான் நடப்பு விலை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய, 1964க்கு முந்தைய, ஒழுங்கான 30-30 கார்பைன் எங்கள் பக்கத்தில் 700இலிருந்து 1,200 டாலருக்குள் கைமாறுகிறது. ஒரு கோடி ரூபாய் என்றால் ஒரு லட்சம் டாலருக்கு மேல் ஆயிற்றே ஐயா, அது எங்கிருந்து வந்தது? நான் யூகிப்பது இதுதான்: இணையத்தில் யாரோ ஒருவர் வேறு ஏதோ வின்செஸ்டருக்குக் கேட்ட விலையைப் பார்த்து, ரூபாயில் பெருக்கிவிட்டார்கள். கேட்கிற விலை விலையே இல்லை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம், வருஷக்கணக்கில் அதே விளம்பரம் அதே விலையில் தொங்கிக்கொண்டிருக்கும். ஏலக் கம்பெனிகள் விற்று முடித்த தொகையை வெளியிடுகின்றன, பார்க்க வேண்டியது அதை. அதிலும் வாங்கியவர் கட்டிய கமிஷன் சேர்ந்திருக்கும், விற்றவர் கைக்கு வந்தது அதைவிடக் குறைவு.

பெரிய விலைக்குப் போகும் லீவர் ரைபிள்கள் இல்லை என்று சொல்லவில்லை. 94இலேயே 26 அங்குல எண்கோணக் குழல், நடுவில் திருகிப் பிரிக்கும் டேக்டவுன் அமைப்பு, பாதி நீள மகஸீன் (குழலுக்குக் கீழே தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய்), 25-35 அல்லது 38-55 தோட்டா, தனியாகப் பணம் கட்டிச் செய்துகொண்ட நயமான வால்நட் என்று அமைந்தால் சாதாரணக் கார்பைனின் பல மடங்கு போகும். வாடிக்கையாளர் ஆர்டர் கொடுத்தபடி செய்து தந்த காலம் அது. ஆனால் எண்கோணக் குழலைப் பின்னால் யாரும் மாற்றி மாட்டியிருக்கலாம் அல்லவா? அங்கேதான் கோடி கணக்கு போடுகிறவர்கள் வயோமிங் மாநிலத்துக் கோடி நகரத்துக்குப் போக வேண்டும் (ஊர்ப் பெயரே அதுதான், நான் விளையாடவில்லை). அங்குள்ள அருங்காட்சியகத்தில் வின்செஸ்டர் ஆலையின் அசல் பேரேடுகள் இருக்கின்றன. வரிசை எண்ணைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த ரைபிள் எந்தக் குழலோடு, எந்தத் தோட்டாவுக்கு, எந்தத் தேதியில் கிடங்கிலிருந்து வெளியே போயிற்று என்று கடிதம் தருவார்கள். 1894 மாடலுக்கு 353999 வரையிலான எண்களுக்குத்தான் பேரேடு உண்டு. உங்கள் படத்தில் உள்ள மாதிரிக்கு அந்தக் கடிதம் கிடைக்காது, தேவையும் இல்லை.

அதற்கு மேல் போனால் ரைபிளோடு சேர்ந்த ஆளின் கதை. 1886 மாடலில் ‘1’ என்ற வரிசை எண் கொண்ட ரைபிள், அபாச்சித் தலைவர் ஜெரோனிமோவைத் துரத்திய படையில் இருந்த கேப்டன் ஹென்றி லாட்டனுக்கு நண்பர் பரிசாகக் கொடுத்தது. 2016இல் ராக் ஐலண்ட் ஏலத்தில் 12 லட்சத்து 65 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அதற்குக் காகிதம் இருந்தது, பொறித்த எழுத்து இருந்தது, கைமாறிய வரலாறு இருந்தது. எங்கள் கடைக்கு மாதத்துக்கு ஒருவராவது ‘இது பஃபலோ பில் (அந்தக் காலத்துப் புகழ்பெற்ற எருமை வேட்டைக்காரர்) கையில் இருந்தது என்று தாத்தா சொன்னார்’ என்று வருகிறார். தாத்தா சொன்னதற்குச் சந்தையில் காசு கிடையாது. நினைவுப் பதிப்புகளும் அப்படித்தான். 1966இல் வின்செஸ்டர் தன் நூற்றாண்டுக்கு வெளியிட்ட முலாம் பூசிய 94ஐ ‘அபூர்வம்’ என்று சொல்லி விற்க வருவார்கள். அதை ஒரு லட்சத்துக்கு மேல் செய்தார்கள்.

துலக்காதே என்று நான் சொல்வதை நம்பாதவர்களுக்கு ஒன்று. 2014 நவம்பரில் நெவாடாவில் கிரேட் பேசின் தேசியப் பூங்காவில் ஒரு ஜூனிப்பர் மரத்தில் சாய்த்து வைத்தபடி 1873 மாடல் வின்செஸ்டர் கிடைத்தது. வரிசை எண்ணின்படி 1882இல் செய்தது. யார் சாய்த்துவிட்டுப் போனார், ஏன் திரும்பி வரவில்லை, இன்றுவரை தெரியாது. கட்டை வெயிலில் சாம்பல் நிறமாகி வெடித்திருந்தது, அடிப்பாகம் மண்ணில் புதைந்திருந்தது. கோடி அருங்காட்சியகத்துக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே உள்ளவர்கள் துருவைச் சுரண்டவில்லை, மரத்துக்கு எண்ணெய் போடவில்லை. உதிரும் மரத்தை உதிராமல் நிறுத்தும் அளவுக்கு மட்டும் பசை கொடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது அடிக்கட்டைக்குள் ஒரு தோட்டா இருந்தது தெரிந்தது. எமரித் தாளோடு யாராவது முந்தியிருந்தால், அது மூன்று நாலு நூறு டாலர் பெறும் சுவர் அலங்காரமாகியிருக்கும்.

வின்செஸ்டர் மட்டும்தான் லீவர் ரைபிள் என்றில்லை. மார்லின் 336 1948இல் வந்தது. பழைய கனெக்டிகட் ஆலையில் செய்ததன் குழலில் ‘ஜே.எம்.’ என்ற முத்திரை இருக்கும். 2007இல் ரெமிங்டன் அந்தக் கம்பெனியை வாங்கி, சில வருஷம் கழித்து ஆலையை மூடியபிறகு தரம் சரிந்ததால், ‘ஜே.எம்.’ உள்ளதற்குத் தனி விலை. 2020இல் ரூகர் கைக்கு மாறியபின் புது மார்லின்கள் நன்றாகவே இருக்கின்றன. 1973க்குப் பிந்தைய பழைய மார்லினுக்கு வயது கண்டுபிடிக்க ஒரு சுலபக் கணக்கு உண்டு: வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை 100இலிருந்து கழியுங்கள். 22 என்றால் 1978. சாவேஜ் 99 இன்னொரு ரகம், ஜமைக்காவில் பிறந்த ஆர்தர் சாவேஜ் வடிவமைத்தது. வெளியே சுத்தியல் தெரியாது, தோட்டாக்கள் குழாய்க்குள் வரிசையாக நிற்காமல் உருளையில் சுற்றும். குழாய் மகஸீனில் கூர்முனைக் குண்டு ஆபத்து, முன்னால் உள்ள தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கலாம். சாவேஜில் அந்தப் பயம் இல்லை. இடது பக்கம் சின்ன ஜன்னலில் எத்தனை தோட்டா மிச்சம் என்று எண் காட்டும். அது இருந்தால் விலை கூடும். மரக்கட்டை இரும்பைச் சந்திக்கும் பின்முனையில் விரிசல் இருந்தால் குறையும். பாதி 99களில் அந்த விரிசல் இருக்கிறது.

நம் பக்கத்துத் தொடர்பு ஒன்றும் உண்டு. வின்செஸ்டர் 1895 மாடல் குழாய்க்குப் பதில் பெட்டி மகஸீனோடு வந்த லீவர் ரைபிள். அப்போதுதான் ஜனாதிபதி பதவியை விட்டிருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்கு எடுத்துப்போனது, முதல் உலகப் போரில் ரஷ்யப் படை ஏறத்தாழ 3 லட்சம் வாங்கியது. அதே மாடலில், 405 தோட்டாவில், ஒன்றை வைத்துக்கொண்டுதான் பெங்களூர்க்காரர் கென்னத் ஆண்டர்சன் பழைய சேலம் ஜில்லாக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்தார். அப்படி ஒன்று ஊரில் யார் வீட்டிலாவது உரிமத்தோடு இருந்தால், அதன் விலையை அமெரிக்க விலையோடு ஒப்பிட வேண்டாம். அங்கே சட்டமும் வேறு, வாங்கும் ஆளும் வேறு.

இனி அந்தக் குடும்பத்துக்கு. படத்தில் பையன் ரைபிளைத் தூக்கிப் பிடித்திருக்கிறான், விரல் ட்ரிகரின் மேல் இருக்கிறது. குழலில் தோட்டா இல்லை என்று பார்த்திருப்பீர்கள். குழலுக்குக் கீழே உள்ள குழாயைப் பார்த்தீர்களா? அதில் எத்தனை வருஷத்துக்கு முன் போட்ட தோட்டாவும் ஸ்பிரிங் அழுத்தத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும், லீவரை ஒரு முறை ஆட்டினால் மேலே வந்துவிடும். தெரிந்தவர் யாரையாவது கூப்பிட்டு முதலில் அதைக் காலி செய்யுங்கள். அதுவரை பையன் கையில் கொடுக்க வேண்டாம். இந்நாட்டு மத்தியச் சட்டப்படி 1898 வரை செய்தவைதான் பழம்பொருள். உங்களுடையது அதில் வராது, எனவே விற்பதானால் உங்கள் மாநில விதியைக் கேட்டு உரிமம் உள்ள கடை வழியாகவே செய்யுங்கள். ஒரு கடையில் மட்டும் விலை கேட்காதீர்கள். கடைக்காரர் சொல்வது அலமாரி விலையா கொள்முதல் விலையா என்று வாய்விட்டுக் கேளுங்கள். உலர்ந்த துணியால் தூசியைத் தட்டலாம், அதற்கு மேல் வேண்டாம்.

படத்தில் ரிசீவரின் பக்கத்தில் ஓரிடம் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு வெள்ளையாகப் பளபளக்கிறது. யாரோ பாத்திரக் கம்பிநாரை எடுத்துத் தொடங்கியிருக்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். தயவுசெய்து அதோடு நிறுத்திவிடுங்கள். வரிசை எண் ரிசீவரின் அடியில், முன்பக்கமாக இருக்கும். அதன் படத்தையும், குழலின் மேலுள்ள முழு வரியின் படத்தையும் பத்திரிகை மூலம் அனுப்பினால் எந்த வருஷத்தது, இன்றைக்கு என்ன போகும் என்று எழுதி அனுப்புகிறேன். கட்டணம் ஒன்றும் இல்லை. ஆசிரியர் அவர்கள் 130 வருஷம், ஒரு கோடி என்ற இரண்டையும் வரும் ஞாயிறு இணைப்பில் திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஏனென்றால் நேற்றே இங்கிருக்கும் இரண்டு தமிழ் நண்பர்கள் தங்கள் வீட்டுப் பரணில் ஏற ஏணி கேட்டார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் தொழிலாளி ஒருவர்,
பென்சில்வேனியா